ஒரு துண்டு ஐஸும் நிஃமத்துதான்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்த்த ஒரு சகோதரருக்கு இப்போது வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். தாகம் தாங்காதபோது ஒரு சின்ன ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்வாராம். "ஹஜ்ரத், அந்த நேரம் அவ்வளவு சுகமா இருக்கு. சுகம் தேடுறது ஸப்ருக்குக் குறைவா?" என்று கேட்டார்.

அய்யூப் அலைஹிஸ்ஸலாம் அவர்களைப் பாருங்கள். வேதனையை அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். காலால் தரையில் உதைக்கச் சொல்லி, குளிக்கவும் குடிக்கவும் அல்லாஹ் தண்ணீர் கொடுத்தான். வெறும் தண்ணீர் அல்ல, குளிர்ந்த தண்ணீர். ஸாத் சூராவில் இருக்கிறது. அதற்குப் பிறகும் அவர்களைப் பொறுமையாளர் என்றே புகழ்கிறான்.

மூலநோயால் சிரமப்பட்ட இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். புகாரியில் பதிவான செய்தி. நாமோ ஒருவர் நாற்காலி போட்டால் முகம் சுளிக்கிறோம்!

அந்தச் சகோதரரிடம் சொன்னேன்: "சுகம் தப்பில்லை. டாக்டர் சொன்ன அளவோடு நிறுத்துறதுதான் உங்க ஸப்ரு. ஐஸும் தண்ணீர்தான், கணக்கில் சேருங்க."

"சேர்த்தாச்சு ஹஜ்ரத். அதுக்காகக் காலை டீயைப் பாதியாக்கிட்டேன்" என்று சிரித்தார்.