மதிலுக்குள் அடங்காத கணக்கு

பரங்கிமலை உச்சியில் நின்று தென்மேற்கே நோக்குவோர்க்கு மீனம்பாக்கம் விமான நிலையம் கண்ணெதிரே விரிந்து கிடக்கும். அதன் இரண்டாம் ஓடுபாதை அடையாற்றின்மேல் பாலமாக நீட்டப்பட்டுள்ளது. அதே ஆறுதான் சைதாப்பேட்டையில் சின்னமலையின் அருகே ஓடி, கோட்டூர்புரத்தைக் கடந்து, சாந்தோமுக்குத் தெற்கே கடலில் கலக்கிறது.

2015 டிசம்பர் முதல் நாள் இரவு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. ஓடுபாதை நீரில் மூழ்கியது. ஆற்றோரத்துக் குடிசைகளும் மூழ்கின. பாலந்தான் வெள்ளத்துக்குக் காரணம் என்று கூற நான் துணியேன்; பெருமழை, ஆக்கிரமிப்பு, ஏரி திறந்த நேரம் எனப் பலவும் அதில் சேர்ந்துள்ளன. என் நெஞ்சை உறுத்துவது வேறொன்று. சில நாட்களில் விமானங்கள் மீண்டும் பறந்தன. கரையோரக் குடும்பங்கள் பலவோ, வேலையிடத்தையும் பிள்ளைகளின் பள்ளியையும் பின்னே விட்டு, தொலைவிலுள்ள பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்க்கப்பட்டன. ஆற்றின்மேல் ஓடுபாதைக்கு இடமுண்டு. ஆற்றோரம் குடிசைக்கு இடமில்லை. இந்த வேறுபாட்டை எந்த நீதியால் விளக்குவது?

இன்று விமான நிலையங்கள் சுற்றுச்சூழல் பேணுதலைப் பெருமையுடன் பேசுகின்றன. அதில் உண்மையும் உண்டு. கொச்சி விமான நிலையம் 2015 ஆகஸ்டு முதல் தன் மின்தேவை முழுவதற்கும் ஈடான மின்சாரத்தைக் கதிரவன் ஒளியிலிருந்தே பெறுகிறது. 2018இல் ஐக்கிய நாடுகள் அவையின் உயரிய சுற்றுச்சூழல் விருதையும் பெற்றது. பாராட்டத்தக்கதே. ஆனால் கூடத்து விளக்கும் குளிர்சாதனமும் ஒரு கணக்கு. வானில் எரியும் எரிபொருள் மற்றொரு கணக்கு. பின்னது மிகப் பெரிது. முன்னதைத் துப்புரவாக எழுதி வைத்துவிட்டுப் பின்னதை மறந்துவிடுவது எளிது. நம் வீட்டு முற்றத்தைப் பெருக்கிக் குப்பையைத் தெருவில் தள்ளும் பழக்கம் நமக்குப் புதியதா என்ன?

இலாசரின் உவமையில் செல்வந்தன் அவனை அடித்ததாகவோ விரட்டியதாகவோ சொல்லப்படவில்லை. அவன் வீட்டுக் கணக்கிலும் ஒருவேளை குறை இருந்திராது. வாயிலில் கிடந்தவன் அந்தக் கணக்கில் வரவில்லை, அவ்வளவே.

விமானமே வேண்டாம் என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. வளைகுடாவில் பணிபுரியும் செவிலி தன் தாயின் அடக்கத்துக்கு வந்து சேர்வது விமானத்தால்தான். நானும் பறந்திருக்கிறேன், பயணச்சீட்டின் விலையைப் பார்த்ததுண்டு, வேறெதையும் பார்த்ததில்லை.

இப்போது கேள்வி பரந்தூருக்கு நகர்ந்துள்ளது. சென்னையின் இரண்டாம் விமான நிலையத்துக்குரிய இடமாகக் காஞ்சிபுரம் மாவட்டத்துப் பரந்தூர் 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. அங்கே வயல்களும் ஏரிகளும் அவற்றுக்கு நீர் கொணரும் கால்வாய்களும் உள்ளன. ஏகனாபுரம் மக்கள் அறிவிப்பு வந்த நாளிலிருந்தே எதிர்த்துப் போராடினர். கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றினர். அந்த நிலையம் எவ்வளவு பசுமையாகக் கட்டப்படும் என்று நாம் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அமர்ந்து விவாதிக்கலாம். கூரையில் சூரியத் தகடு பதிக்கலாம், கழிவுநீரைத் தூய்மை செய்து செடிக்கு ஊற்றலாம். ஏரி இருந்த இடத்தில் ஏரி இராது. விடுமுறைக்குச் சிங்கப்பூர் செல்லும் நமக்காக, வாழ்நாளில் ஒருமுறையும் விமானம் ஏறாத உழவர் தம் வயலை விட்டுக் கொடுக்க வேண்டும் என்றால், அதைக் கேட்கும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது என்பதையாவது அவர் முன்னிலையில் சொல்ல முடிய வேண்டும். எனக்கு இன்னும் அந்தச் சொல் கிடைக்கவில்லை.