பயத்தை விலைக்கு வாங்குவோர்

வணிகர்களாகிய நமக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் ஒரு பொருளை வாங்கிச் சென்றால், அதனால் அவருக்கு என்ன பயன் என்று மனத்துக்குள் கணக்குப் பார்த்துக் கொள்வோம். அரிசி வாங்கினால் பசி தீரும். கைலி வாங்கினால் மானம் மறையும். அத்தர் வாங்கினால் மணம் கிடைக்கும். பயத்தை வாங்குகிறவருக்கு என்ன கிடைக்கிறது?

பயத்தை வாங்குவாரும் உண்டோ என்று நகைக்க வேண்டாம். 1957 ஏப்ரல் 27-ஆம் தேதி இந்தச் சிங்கப்பூரில், கேத்தே படமாளிகையில் ‘பொந்தியானாக்’ என்ற மலாய்ப் படம் வெளியாயிற்று. எடுத்தது கேத்தே-கிரிஸ் நிறுவனம். இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ், முன்பு தமிழ்ப் படங்களும் எடுத்தவர். பேயாக நடித்தவர் மரியா மெனாடோ. பிரசவத்தில் இறந்த பெண், இரத்தம் குடிக்கும் பேயாகத் திரிகிறாள் என்பது மலாய் மக்களின் பழைய நம்பிக்கை. அதைத் திரையில் காட்டியதும் கூட்டம் அலைமோதியது. படம் வாரக்கணக்கில் ஓடிற்று. அதே ஆண்டில் இரண்டாம் படம், மறு ஆண்டில் மூன்றாம் படம் என்று வரிசையாக வந்தன. போட்டிக்கு ஷா சகோதரர்களும் தம் பங்குக்குப் பேயைக் களத்தில் இறக்கினார்கள். சரக்கு விற்கிறது என்று தெரிந்தால் பக்கத்துக் கடைக்காரர் சும்மா இருப்பாரா?

படக்காட்சி பார்ப்பது ஆகுமா ஆகாதா என்ற விவாதத்தை ஆலிம்களிடம் விட்டுவிடுகிறேன். நம் பிள்ளைகள் பார்க்கிறார்கள். நம்மிலும் பலர் பார்க்கிறோம். ஆகவே ஏன் பார்க்கிறோம் என்று கேட்பது முறையே.

எட்மண்ட் பர்க் என்ற அறிஞர் 1757-இல் ஒரு விடை எழுதி வைத்தார். ஆபத்து நம்மைத் தொடாத தூரத்தில் இருக்குமானால், அச்சமே ஒருவகை இன்பமாகிவிடும் என்பது அவர் கருத்து. கரையில் நின்று புயலைப் பார்ப்பவனுக்குப் புயலும் ஒரு காட்சிதான். கொட்டகையில் அலறுகிறவனுக்கு, வெளியே வந்தால் சூடாகத் தே தாரே கிடைக்கும் என்று நன்றாகத் தெரியும்.

இது பாதி விடைதான். பயம் ஏன் சுடுவதில்லை என்பதை இது விளக்குகிறது. நாம் ஏன் எப்போதும் ஒரே பேயைத் தேடிப் போகிறோம் என்பதை விளக்கவில்லை. சற்றே எண்ணிப் பாருங்கள். பெயர் பெற்ற பேய்களில் பெரும்பாலானவை முதலில் அநீதிக்கு ஆளான மனிதர்கள் அல்லவா? நம் பழையனூர் நீலி கணவனால் கொல்லப்பட்டவள். 2005-இல் சக்கைபோடு போட்ட ‘சந்திரமுகி’ படத்தில் வரும் நாட்டியக்காரியின் கதை, அரசன் ஒருவன் அவளுக்கு இழைத்த கொடுமையில் தொடங்குகிறது. பொந்தியானாக்கோ, மருத்துவச்சி எட்டாத கம்பத்தில் பிள்ளை பெறும்போது மாண்ட பெண். அப்படி மாண்டவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டவர்களின் உறுத்தல்தான் வாழைமரத்தடியில் பேயாக வந்து நிற்கிறது என்று நான் கருதுகிறேன்.

இதை வெளிப்படையாகச் சொன்ன தமிழ்ப் படம் ஒன்றுண்டு. 1951-இல் கே. ராம்நாத் இயக்கத்தில் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த ‘மர்மயோகி’. பேய்க் காட்சிகள் இருந்ததால் வயது வந்தோர்க்கு மட்டும் என்ற ‘ஏ’ முத்திரை குத்தப்பட்ட முதல் தமிழ்ப் படம் அது. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்: அந்தப் படத்தில் பேயே இல்லை! அரசனைக் கொன்றுவிட்டதாக எண்ணி அரியணை ஏறிய ஊர்வசியின் முன்னால், தப்பிப் பிழைத்த அரசனே ஆவிபோல் வந்து நிற்கிறான். நடுங்கவேண்டியவள் நடுங்குகிறாள். பயம் யாரிடம் போய்ச் சேரவேண்டுமோ அங்கே போய்ச் சேருகிறது.

வாழ்க்கையில் அவ்வாறு சேருவதில்லை என்பதுதான் துயரம். நாம் காற்று வாங்கப் போகும் பாசிர் ரிஸ் கடற்கரையை எடுத்துக் கொள்வோம். அதற்கு மேற்கே பொங்கோல், கிழக்கே சாங்கி. 1942 பிப்ரவரி 15-இல் இத்தீவு ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஐந்தே நாள் கழித்துச் சாங்கிக் கடற்கரையில் 66 சீன ஆடவர்களைச் சுட்டுத் தள்ளினார்கள். 28-ஆம் தேதி பொங்கோல் கரையில் முந்நூறு நானூறு பேர். இரு கரைகளிலும் இன்று நினைவுக் கல் உண்டு. நம் பிள்ளைகள் நடுவிலுள்ள மணலில் சாத்தே வாட்டிக்கொண்டு, பொந்தியானாக் கதை சொல்லி ஒருவரையொருவர் பயமுறுத்திக் கொள்கிறார்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். கேத்தே-கிரிஸ் நிறுவனத்தின் படப்பிடிப்பு நிலையம் ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டில் இருந்தது. பொந்தியானாக் படங்கள் உருவான அதே கிழக்கு வட்டாரத்தில், சிக்லாப்பில், 1962-ஆம் ஆண்டு மண்ணைத் தோண்டியபோது எலும்புக் குவியல்கள் வெளிப்பட்டன. யுத்தகாலப் படுகொலையில் மாண்டவர்கள். இருபது ஆண்டுகள் அங்கேயே கிடந்தார்கள். எவர் கனவிலும் பேயாக வந்து நியாயம் கேட்கவில்லை. அவ்வாறு கண்டெடுத்தவற்றைத் தாழிகளில் இட்டு, பீச் ரோட்டில் நினைவுச் சின்னம் எழுப்பி, 1967 பிப்ரவரி 15-இல் திறந்து வைத்தார்கள். மண்ணுக்கு மேலே சாயம் பூசிய பேயைக் காசு கொடுத்துப் பார்த்தோம். மண்ணுக்குக் கீழே இருந்தவர்கள் ஓசையின்றிக் கிடந்தார்கள்.

அப்படியானால் பேய்ப் படத்தை விட்டுச் சரித்திரப் படத்துக்குப் போனால் போதுமா? அங்கேதான் கவனம் வேண்டும். ‘பொந்தியானாக்’ வந்த அதே 1957-இல் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ என்ற ஆங்கிலப் படமும் வந்தது. சயாம்-பர்மா ரயில் பாதையில் ஜப்பானியர் செய்த கொடுமையைச் சொல்லும் படம். ஏழு ஆஸ்கார் விருதுகளைத் தட்டிச் சென்றது. படம் பிடித்தது நமக்குப் பக்கத்திலுள்ள இலங்கையின் கித்துள்கலையில். அதில் வரும் சீழ்க்கை மெட்டை உலகமே முணுமுணுத்தது.

415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் மாண்ட வெள்ளைக்காரக் கைதிகள் சுமார் 12,000 பேர். மாண்ட ஆசியத் தொழிலாளர்களோ அதைப்போல் பல மடங்கு. 90,000 என்றும் மதிப்பிடுவர். அவர்களில் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்ட தமிழர்கள் ஏராளம். காலராவிலும் பட்டினியிலும் மடிந்தார்கள். படத்தில் அவர்கள் எங்கே? பாலம் இருக்கிறது, கர்னல் இருக்கிறார், சீழ்க்கை இருக்கிறது, நம்மவன் இல்லை. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்று ஒரு நாவலே எழுதினார். அதைப் படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று கேட்டால் பதில் சங்கடமாக இருக்கும்.

பேய்ப் படத்தைவிட இதுதான் பெரிய ஏமாற்று என்பேன். பேய்ப் படம் தன்னைப் பொய் என்று ஒப்புக்கொள்கிறது. இதுவோ மெய் என்று முத்திரை போட்டு, எடையில் முக்கால் பங்கைக் குறைத்துத் தருகிறது. பார்த்தவனும் வரலாறு முழுவதையும் தெரிந்துகொண்டோம் என்ற நிறைவோடு வீட்டுக்குப் போகிறான். தராசு பிடிக்கும் கை உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நிறைவு தராத படமே இவ்வகையில் நல்ல படம். 1962-இல் ஹுசைன் ஹனிப் இயக்கிய ‘டாங் அனோம்’ என்ற மலாய்ப் படத்தை அந்த வரிசையில் வைப்பேன். கதை செஜாரா மெலாயு என்னும் பழைய நூலிலிருந்து வந்தது. பண்டைச் சிங்கபுரத்து அரசனின் அந்தப்புரப் பெண் ஒருத்தி மீது பொய்ப் பழி விழுகிறது. விசாரணை இல்லை. சந்தையின் கோடியில், ஊர் பார்க்க, அவளைக் கழுவேற்றும்படி அரசன் கட்டளையிடுகிறான். அவள் தந்தை அரசனின் கருவூல அதிகாரி. குற்றம் செய்திருந்தால் கொன்றிருக்கலாம், இப்படி மானபங்கம் செய்தது எதற்கு என்று குமுறி, மஜாபாஹித் படைக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிடுகிறார். நகரம் அழிகிறது.

இந்தக் கதையில் பேய் இல்லை. என்னை உறங்கவிடாத இடம், அரசனின் கோபமும் அன்று. தந்தையின் துரோகமும் அன்று. அது நடந்த இடம் சந்தை. அங்கே கடை போட்டிருந்தவர்கள் இருந்திருப்பார்கள். மிளகும் துணியும் மீனும் விற்றவர்கள். தீவுகளிலிருந்தும் நம் கரையிலிருந்தும் மரக்கலம் ஏறி வந்தவர்களும் அவர்களில் இருந்திருக்கலாம். அரசன் பேச்சு நூலில் இருக்கிறது; தந்தை பேச்சு இருக்கிறது. அந்தக் கடைக்காரர்களைப் பற்றி நான் படித்த அளவில் ஒரு சொல் கிடையாது. அன்று கடையைச் சாத்தினார்களா, மறுநாள் வழக்கமான நேரத்துக்குத் திறந்தார்களா, வாங்க வந்தவர்களிடம் என்ன பேசினார்கள்?