குழந்தையை அறிந்தவர் யார்?

மாற்றுத்திறனாளிக் குழந்தைக்குத் தனிநபர் கல்வித் திட்டம் போடும்போது பல பள்ளிகளில் நடப்பது இதுதான்: சிறப்புப் பயிற்றுநர் எழுதுவார், தலைமையாசிரியர் பார்ப்பார், பெற்றோர் கையெழுத்துப் போடுவார்கள். அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டுச் சட்டமே, இத்திட்டத்தை வகுக்கும் இடத்தில் பெற்றோரும் இருக்க வேண்டும் என்றது. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, இக்குழந்தைகளின் கல்வியில் பள்ளிக்குள்ள கடமைகளையும் சொல்கிறது. ஆனால், பெற்றோரை மரியாதைக்காக அழைக்கிறோமா, அவர்கள் இல்லாவிட்டால் திட்டமே பிழையாகும் என்பதால் அழைக்கிறோமா? இதைச் சட்டத்தால் தீர்க்க முடியாது. ஒன்றை அறிந்துவிட்டோம் என்று எப்போது சொல்லலாம் என்ற தத்துவக் கேள்வி இது. நம் மரபு நெடுங்காலம் வாதிட்ட கேள்வியும்கூட.

சைவ சித்தாந்த நூலான அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார், பிறர் சொன்ன பல அளவைகளையும், அதாவது அறியும் வழிகளையும், காண்டல் (நேரில் காண்பது), கருதல் (அடையாளம் கொண்டு ஊகிப்பது), உரை (நம்பத் தக்க சொல்) என்ற மூன்றுக்குள் அடக்குகிறது. ஆசிரியரின் பலம் கருதல். பல குழந்தைகளைப் பார்த்தவர். இந்த அடையாளம் இருந்தால் இந்தக் காரணம் இருக்கும் என்று கற்றவர். ஆனால் மலையில் எழும் புகையைக் கொண்டு நெருப்பை அறியும் பழைய உதாரணத்திலும், இந்த மலையில் புகை எழுவதை யாராவது கண்டிருக்க வேண்டும். மணியடித்ததும் வகுப்பை விட்டு ஓடும் சிறுவனைப் பள்ளி ‘அடங்காதவன்’ என்று குறித்துவைக்கும். குக்கர் விசில் வந்தாலும் அவன் காதைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் ஓடுவதை அம்மா கண்டிருப்பார். அந்த ஒரு செய்தி சேர்ந்ததும் ஒழுக்கப் பிரச்சினை ஒலிப் பிரச்சினையாகிவிடுகிறது; திட்டத்தில் எழுத வேண்டியதும் மாறுகிறது. இதற்கு மறுபக்கமும் உண்டு. வீட்டில் ஊட்டிவிட்டால்தான் சாப்பிடும் பிள்ளை, சத்துணவு வரிசையில் மற்றவர்களைப் பார்த்துத் தானே பிசைந்து சாப்பிடலாம். அதைக் கண்டவர் ஆசிரியர். இருவர் காட்சியும் பாதிப் பாதிதான்.

பாசம் கண்ணை மறைக்கும், பெற்றோர் சொல்வதை எப்படி நம்புவது என்று கேட்பவர்கள் உண்டு. பாசம் மறைக்கும் என்பது உண்மையே. நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கும் அலுப்பும், பாடத்தை முடிக்க வேண்டிய அவசரமும் அதே அளவு மறைக்கும். கண் சிலநேரம் பிழைபடுகிறது என்பதற்காகக் காட்சியை அளவை நூலார் அளவையிலிருந்து நீக்கிவிடவில்லை. வேறு அளவைகளோடு ஒத்துப்பார்க்கவே சொன்னார்கள். படிக்காத பெற்றோருக்கு என்ன தெரியும் என்பது அடுத்த கேள்வி. சைவ சித்தாந்திக்கு உரை என்றால் முதன்மையாக இறைநூல்தான். ஆனால் தர்க்க நூலான நியாய சூத்திரத்துக்கு விளக்கம் எழுதிய வாத்ஸ்யாயனர், உலகியல் வாக்கையும் சேர்த்தே ஆராய்கிறார். பொருளை நேரில் அறிந்து, அறிந்தபடியே சொல்ல விரும்புகிறவர் எவரோ அவரே நம்பத் தக்கவர். இவ்விலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் அயலாரான மிலேச்சருக்கும் பொது என்கிறார். நம்பகத்துக்கு அவர் கேட்பது நேரடி அறிவும் நேர்மையும், பட்டம் அல்ல. பத்து வருடமாகப் பிள்ளையைக் குளிப்பாட்டி உடுத்திவிடும் தாய் இவ்விலக்கணத்துக்குள் தாராளமாக வருவார்.

எல்லாம் வினைப்பயன், திட்டம் போட்டு என்ன ஆகப்போகிறது என்ற பேச்சுதான் எல்லாவற்றையும்விடக் கனமானது. சில வீடுகளில் மட்டுமல்ல, ஆசிரியர் ஓய்வறைகளிலும் அது கேட்கிறது. வினையை நம்புகிறவர்களுக்கு வினைக் கொள்கையிலிருந்தே பதில் உண்டு. சைவ சித்தாந்தம், இப்பிறவியில் அனுபவிக்க வந்த பழவினையான பிராரத்தத்தோடு நிற்கவில்லை. இப்பிறவியில் நாம் புதிதாகச் சேர்க்கும் ஆகாமியத்தையும் சொல்கிறது. குழந்தையின் குறை எந்தக் கணக்கில் வந்தது என்பதை நாம் அறிய வழியில்லை. அதைக் காரணம் காட்டி நாம் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது யார் கணக்கில் ஏறும் என்பதில் ஐயமே இல்லை.

இவ்வளவும் பெரியவர்கள் இருவருக்குள் நடக்கும் வழக்கு. யாரைப் பற்றிய திட்டமோ அந்தக் குழந்தையின் சொல்லும் இதில் சேர வேண்டும். 2006-இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையை இக்குழந்தைகளுக்கும் தருகிறது. பேச்சு வராத பிள்ளையும் தட்டைத் தள்ளி, கையை இழுத்து, முகத்தைத் திருப்பி உரைக்கத்தான் செய்கிறது. எனவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த கூட்டத்தில் படிவத்தை நிரப்பிவிட்டுப் பெற்றோரைக் கூப்பிடாதீர்கள், வெற்றுப் படிவத்தோடு உட்கார்ந்து, அவர்களை முதலில் பேசவிடுங்கள். பெற்றோரே, நீங்கள் கண்டதைச் சொல்லி, அது எழுதப்பட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.