மௌனமும் பொய்யும்

உண்மையைச் சொல்லாமல் விடுவதும் பொய்தானா என்னும் பழைய அறவியல் கேள்வி, அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பவரையும் வேட்டைக்காரரையும் அதிகாரிகள் விசாரிக்கும்போது சட்டக் கேள்வியாகிறது. கூட்டாட்சி அதிகாரியிடம் முக்கியச் செய்தியில் தெரிந்தே பொய்யுரைப்பது 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஆயினும், தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி எவரையும் வற்புறுத்தலாகாது என்னும் ஐந்தாம் அரசியல் சட்டத் திருத்தம் மௌனத்துக்கு இடம் தருகிறது. அந்த இடம் பலர் நினைப்பதைவிடக் குறுகியது. டெக்சஸ் கொலை வழக்கொன்றில், கைதாகாத நிலையில் பிற கேள்விகளுக்கு விடையளித்த ஒருவர், கொலை நடந்த இடத்தில் கிடைத்த தோட்டா உறைகள் தம் துப்பாக்கியோடு பொருந்துமா என்று கேட்டதும் தரையைப் பார்த்து, உதட்டைக் கடித்து, பேசாதிருந்தார். உரிமையை அவர் வாய்விட்டுக் கோராததால், அம்மௌனத்தை அவருக்கு எதிராகப் பயன்படுத்தியது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது; கடித்த உதட்டை ஒப்புதலாகப் படிப்பது எவ்வளவு நியாயம் என்பது வேறு கேள்வி, நான்கு நீதிபதிகள் தீர்ப்பில் உடன்படவுமில்லை.

அறவியல் கேள்விக்கோ ஒரு பழைய அளவுகோல் உண்டு: பொய் பற்றிய தம் நூலில் கிறித்தவ இறையியலாளர் அகஸ்டின் புகழும் தகாஸ்தே நகர ஆயர் பிர்முஸ், தஞ்சம் புகுந்தவனைத் தேடி வந்த பேரரசரின் ஆட்களிடம், பொய் சொல்லவும் இயலாது, காட்டிக்கொடுக்கவும் இயலாது என்று வெளிப்படையாகவே மறுத்து, வதையையும் தாங்கினார். வழக்கறிஞர் இன்றி விடையளிக்க இயலாது என்று தெளிவாகச் சொல்லும் வேட்டைக்காரர், இந்த அளவுகோலின்படி பொய்யர் அல்லர்.