கூட நடப்பவர்கள்

கனடாவின் வடக்கு வான்கூவரில் உள்ள கபிலானோ தொங்குபாலத்தில் நாலு எட்டு வைத்தாலே தெரிந்துவிடும், அங்கே நம் நடை நம் கையில் இல்லை. எங்கோ முன்னால் ஒருவர் காலை அழுத்தி ஊன்றினால், அது பலகை வழியே வந்து நம் முழங்காலில் ஏறுகிறது. பாலத்தின் நீளம் 140 மீட்டர். 70 மீட்டர் கீழே ஆறு. இரு கரையிலும் அடர்ந்த காடு.

1889-இல் ஜார்ஜ் கிராண்ட் மெக்கே என்ற ஸ்காட்லாந்துக்காரர் சணல் கயிற்றையும் செடார் பலகையையும் கொண்டு இங்கே முதல் பாலத்தைக் கட்டினார். 1903-இல் கயிறு போய்க் கம்பிவடம் வந்தது. இப்போதுள்ள பாலம் 1956-இல் புதிதாகக் கட்டியது. வடத்தின் முனைகளை 13 டன் கான்கிரீட்டில் புதைத்திருக்கிறார்கள். அறுந்துவிடுமோ என்று பயப்பட இடமே இல்லை.

ஆனாலும் நடுப்பாலத்தில் ஒரு வயதான அம்மாள் இரு கைகளாலும் வடத்தைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டார். சற்றுத் தள்ளி சில இளைஞர்கள் வேண்டுமென்றே குதித்துப் பாலத்தை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மாளோடு வந்தவர் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் பேசிய மொழி எனக்குத் தெரியாது. குரலை வைத்தே புரிந்தது: ஒன்றும் ஆகாது, வாங்க.

அது உண்மைதான். லிஃப்டில் ஏறத் தயங்கும் அம்மாவிடமும், பரீட்சைக்கு முன் சோறு இறங்காத பிள்ளையிடமும் நாமும் இதைத்தானே சொல்கிறோம்? அன்போடுதான் சொல்கிறோம். ஆனால் அந்தச் சொல், பயத்தைச் சரிசெய்யும் வேலை முழுவதையும் பயந்தவர் தலையிலேயே வைத்துவிடுகிறது. வடம் விழாமல் காக்கும். பாதி வழியில் நின்றுவிட்டவர் மறுபடி ஓரடி வைக்க அது போதாது. பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் மெல்ல நடக்க வேண்டும். பாலம் என்றால் ஆடும்தானே என்று கேட்கலாம். ஆடட்டும். காற்றும் நடையும் தரும் ஆட்டம் வேறு, நாம் கூட்டிவிடும் ஆட்டம் வேறு. அந்த இளைஞர்களில் ஒரு பெண் திரும்பிப் பார்த்துவிட்டுக் கையைக் காட்ட, குதிப்பது நின்றது. ஒருவரும் விளக்கம் சொல்லவில்லை. அம்மாள் ஒரு கையை வடத்திலிருந்து எடுத்தார்.

மறுகரையில் டக்ளஸ் ஃபிர் மரங்களுக்கு இடையே, உயரத்தில் சின்னச் சின்ன நடைபாலங்கள். அவற்றைத் தாங்கும் மேடைகளுக்காக மரத்தில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. தண்டைச் சுற்றி வளையம் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். மரம் பருக்கப் பருக்க அந்த வளையத்தைத் தளர்த்திக் கொடுக்கலாம். தனக்கு இறுக்குகிறது என்று வாய் திறந்து சொல்லாத ஒன்றுக்காக இவ்வளவு தூரம் யோசித்தவர்கள் இருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சமல்ல.