மெருகும் மெய்யும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிற்குப் புகையிலை புதிதன்று. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் அது திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. ஆயினும் இங்கு ஊன்றி நிலைத்தது சுருட்டே. சுருட்டுக்கு மெருகு வேண்டியதில்லை. சுற்றிய இலையே அதன் மேனி. மரச் சுங்கானுக்கோ சாயமும் மெருகும் வேண்டும். அங்கேதான் அறவினா எழுகின்றது: சாயம் பொருளின் இயல்பை விளக்குவதா, மறைப்பதா?

சுங்கானுக்குச் சிறந்தது மத்தியதரைக் கடற்கரையில் வளரும் ஒருவகைப் புதர்மரத்தின் வேர்முண்டு. மதுசாரத்திற் கரைத்த சாயத்தை அதன்மேற் பூசினால் மென்மையான இழைகள் மிகுதியாகவும் வன்மையானவை குறைவாகவும் உறிஞ்சும். பின்னர் மேற்பரப்பைத் தேய்த்து மெழுகிட, மரத்துள் முன்னரே இருந்த வரிகள் தெளிந்து தோன்றும். இது விளக்கம். மரத்தின் குழிகளைப் பசையால் அடைத்துக் கருஞ்சாயம் பூசுவோரும் உளர். இது மறைப்பு.

குழியடைத்த சுங்கானும் புகைக்க உதவுமே, அதில் இழப்பென்ன என்று வினவலாம். வாங்குபவன் விலை கொடுப்பது புகைக்கு மட்டுமன்று, குறையற்ற மரத்துக்குமாகும். வேம்புக்குத் தேக்கின் நிறமேற்றும் தச்சன் அதனைச் சொல்லி விற்பானாயின் குற்றமில்லை. ஆகவே குற்றம் சாயத்திலன்று, மௌனத்திலேயே உள்ளது. உண்மையைச் சொன்னபின்னும் விலைபோகும் மெருகே நேர்மையான மெருகு.

இவ்வளவுகோல் சுங்கானையே திரும்பச் சுடுகின்றது. புகையின் கேட்டை மறைக்கும் அழகும் மௌனமே. தீத்தொடும் உட்குழியிற் சாயம் பூசலாகாது என்பது தொழில்மரபு. சூடேறினால் அது கசப்பாய் வெளிப்படும். மனிதரின் புறமெருகுக்கும் சோதனை அத்தகையதே.