சாவா மூவாப் பேராடு

கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் விளையும் 14,707 ஏக்கரும் ஒரு குத்தகைப் பத்திரத்தை நம்பித்தான் நாற்றங்கால் போடுகின்றன. திருவிதாங்கூர் சமஸ்தானமும் பிரிட்டிஷ் இந்திய அரசும் 1886 அக்டோபர் 29-ல் எழுதிக்கொண்ட பத்திரம் அது. 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வாடகை, கெடு 999 ஆண்டு. அந்த நிலத்தில் பொறியாளர் பென்னிகுவிக் எழுப்பிய, இந்த வயல்களுக்கு நீர் தரும் முல்லைப் பெரியாறு அணை 1895-ல் முடிந்தது.

கையெழுத்துப் போட்டவர்கள் யாரும் இன்றில்லை. எழுதிக்கொடுத்த சமஸ்தானமும் இல்லை, எழுதி வாங்கிய சாம்ராஜ்யமும் இல்லை. செத்தவர் கொடுத்த வாக்கு பிறக்காதவரைக் கட்டுமா?

தமிழ்நாட்டுக் கோயில் சுவர்கள் இந்தக் கேள்வியை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே எதிர்கொண்டவை. நந்தா விளக்குக்கு நெய் வேண்டி ஆடுகளைத் தானம் தந்தவர்கள், சந்திர சூரியர் உள்ளவரை அறம் நிற்க வேண்டும் என்று கல்லில் வெட்டினார்கள். அந்த ஆடுகளுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். ஆடு சாகாதா என்ன? செத்ததற்குக் குட்டியை ஈடுகட்டி, எண்ணிக்கை குறையாமல் காப்பது இடையரின் கடன். அவருக்குப் பின் அவர் வழிவந்தவர் கடன். இந்த அறத்தைக் காப்பவர் பாதம் என் தலைமேல் என்று தானம் தந்தவரே எழுதிவைத்தார். இன்னும் பிறக்காத ஒருவர் காலில், மன்னரும் விழுந்த வணக்கம் அது.

பெரியாற்றுப் பத்திரமும் அப்படி ஈடுகட்டிக் காக்கப்பட்டதால்தான் பிழைத்திருக்கிறது. 1970-ல் தமிழ்நாடும் கேரளமும் மறுபடி உட்கார்ந்து பேசின. வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயானது, மீன்பிடி உரிமை கேரளத்துக்குப் போனது, மின்சாரம் எடுக்கும் உரிமை தமிழ்நாட்டுக்கு வந்தது. அணையின் நீர்மட்டத்தை 142 அடிக்கு உயர்த்தலாம் என்று 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதும், 136 அடிக்கு மேல் கூடாது என்று கேரளம் சட்டம் இயற்றியது. பத்திரம் 1947-லேயே காலாவதியாகிவிட்டது என்றும் வாதாடியது. 2014 மே 7-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு இரண்டையும் தள்ளியது.

வழக்கில் வென்றதோடு கடன் தீர்ந்ததாக நினைப்பது பிழை. அணைக்குக் கீழே கேரளத்தின் வண்டிப்பெரியாற்றில் மழை இரவுகளில் தூங்காதவர்களும் இந்த வாக்குக்குள் இருப்பவர்களே. அவர்கள் அச்சத்தைப் பகையாகப் பார்ப்பவர், இடையரின் கடனில் பாதியைக் கைவிடுகிறார்.

ஆண்டுதோறும் ஜனவரி 15-ல் பென்னிகுவிக் பிறந்தநாளுக்குத் தேனி மாவட்டக் கிராமங்களில் பொங்கல் வைக்கிறார்கள். பாசன விவசாயிகள் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கேட்டு ஒரு வழக்கறிஞரை அழைத்து வாருங்கள். 1886 பத்திரத்தையும் 1970 ஒப்பந்தத்தையும் 2014 தீர்ப்பையும் அந்தப் பொங்கல் பானை முன்னே, பிள்ளைகள் காதில் விழும்படி, தமிழில் வாசிக்கச் சொல்லுங்கள்.